ஆடுகிற தீவில் ஒரு நிறைகுடம்

மேராவித் தீவில் நிலம் அதிர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஊர் முழுவதும் கடற்கரையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அதனால் நாற்பத்தொரு வீடும் ஒரு பள்ளிக்கூடமும் விழுந்தும்கூட ஓர் உயிர் போகவில்லை, இரண்டு பேருக்குக் கால் முறிந்தது, ஒரு சேவல் மூன்று நாள் கூவாமல் இருந்தது. மற்ற இடங்களில் நிலம் அதிர்ந்தால் அதிர்ந்து முடித்து அடங்கிவிடும். மேராவி அடங்கவில்லை. அதிர்வதை விட்டுவிட்டு மெல்ல ஆடத் தொடங்கியது. நங்கூரத்தில் நிற்கிற கப்பல் ஆடுவதுபோலக் கிழக்கே ஒரு சாய்வு, மேற்கே ஒரு சாய்வு, மறுபடி கிழக்கே ஒரு சாய்வு என்று, சாப்பாட்டு வேளை தூக்க வேளை பார்க்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

தீவில் இருந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள். கடல் ஆடினால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடலில் ஆடிவிட்டு வந்து ஆடாத வீட்டில் உட்காருவதுதான் அவர்கள் அறிந்த வாழ்க்கை. வீடே ஆடினால், கிணறு ஆடினால், படுத்த பாய் ஆடினால் அதை அவர்கள் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள், படுத்தவர்கள் தென்னை மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். மூன்றாம் நாள் நம் கடற்படைக் கப்பல் ஒன்று அரிசியும் கூடாரமும் மருந்தும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஊர் அப்படித்தான் படுத்துக் கிடந்தது.

அந்தக் கப்பலின் தலைமைச் சமையல்காரர் கஸ்பார் மச்சாது. தூத்துக்குடிக்காரர், நாற்பத்து நான்கு வயது, அப்பாவும் தாத்தாவும் தோணி ஓட்டிய தண்டல்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வருஷம் கடற்படையில் சமைத்து, இத்தனைக்குப் பிறகும் கப்பல் கரையை விட்டு நகர்ந்தால் வாந்தி எடுக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். தினமும் காலை ஐந்து மணிக்குக் கப்பலின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை வாந்தி எடுப்பார், வாயைக் கொப்பளிப்பார், வேட்டித் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார், போய் அடுப்பைப் பற்றவைப்பார். கப்பலில் நூற்று எழுபது பேரும் அவர் வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் பல் விளக்கப் போவார்கள்.

"கஸ்பார் அண்ணாத்த, இன்னிக்கு ரெண்டு நிமிசம் லேட்டு" என்பார் ராயபுரத்துத் தணிகாசலம். கயிறு, படகு, நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு.

"ஒனக்கு உப்புமா வேணுமா வேண்டாமால?" என்பார் கஸ்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முதல் படகில் பதினான்கு பேர் இறங்கினார்கள். கஸ்பார் பாதம் மணலில் பட்டது, மணல் ஆடியது, ஆடுகிற தளத்தில் கால் வைத்த உடனே அவர் வலது கை தானாக எழுந்து நெற்றிக்குப் போய் சல்யூட் அடித்துவிட்டது. கப்பலில் ஏறும்போது அப்படிச் செய்வது வழக்கம். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், கைக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த பதின்மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். படுத்துக் கிடந்த ஊர் தலையைத் தூக்கிப் பார்த்தது. பூமிக்கு மரியாதை செய்கிற தேசம் போலிருக்கிறது என்று அவர்களுக்கு மனது நிறைந்துபோய், அன்று முதல் மேராவிக்காரர்களும் படகிலிருந்து இறங்கும்போதெல்லாம் நெற்றியில் கை வைக்கத் தொடங்கினார்கள்.

சல்யூட் அடித்து முடித்த கையோடு, கஸ்பார் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்க, மணலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

ஒரு தென்னை மரத்தடியில் இருந்து ஒரு பெண் சிரித்தாள், அவளைப் பார்த்து அடுத்தவள் சிரித்தாள், மூன்று நாளில் முதல் முறையாக ஊர் படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"கப்பக்காரருக்கே இந்தக் கதின்னா நாங்க எம்மாத்திரம், தம்பி?" என்று அந்தப் பெண் தமிழில் கேட்டாள்.

அவள் பெயர் அஞ்சலை. ஐம்பதைத் தாண்டியவள். நாலு தலைமுறைக்கு முன்னால் தென்னந்தோட்ட வேலைக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட குடும்பம். தோட்டம் போய்விட்டது, துரைமார் போய்விட்டார்கள், தமிழ் மட்டும் அந்த ஒரு வீட்டில் மிச்சம் இருந்தது. அஞ்சலை துறைமுகத்துப் பக்கம் தேநீர்க் கடை வைத்திருந்தாள். கடை விழுந்துவிட்டது, கெட்டில் பிழைத்துக்கொண்டது.

"எனக்குத் தெனமும் இதே கததான்க்கா" என்றார் கஸ்பார், வாயைத் துடைத்துக்கொண்டு. "வாந்தி எடுத்தாத் தப்பில்ல. எடுத்துட்டுப் படுத்துக்கிட்டாத்தான் தப்பு. எந்திரிங்க, அடுப்பு எங்க?"

அப்போதுதான் அஞ்சலை விஷயத்தைச் சொன்னாள். கப்பல் கமாண்டருக்கும் அந்தச் செய்தி வந்திருந்தது. அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது: தளும்பத் தளும்ப நிரப்பிய ஒரு குடம் தண்ணீரை நூறு அடி தூரம் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோக முடிகிற இடம் நிலம், முடியாத இடம் கடல். கடலில் யாரும் குடியிருக்கக் கூடாது. ஏழாம் நாள் தலைநகரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து குடத்தை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் சிந்தினால் ஊர் முழுவதையும் நம் கப்பலிலேயே ஏற்றிப் பெரிய நிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்பி வர முடியாது.

"எங்க ஆளுங்கள ஒரு தடவ கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கியாச்சு, தம்பி" என்றாள் அஞ்சலை. "நட்ட எடத்துல வேர் விட்டாச்சு. இன்னொரு தடவ பிடுங்குனா நா பட்டுப்போவேன். பாத்துக்க."

கஸ்பார் எழுந்து போய்க் கஞ்சி வைத்தார்.

மூன்று மரக்கொம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, சங்கிலியில் அண்டாவைத் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டினார். ஊர் ஆடியது, கொம்பு ஆடியது, அண்டா மட்டும் நேராகத் தொங்கிக்கொண்டு கொதித்தது. ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் தட்டு வைத்தால் தட்டு நழுவாது என்று காட்டினார். சுக்கைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். காலடியைப் பார்க்காதே, கடலும் வானமும் தொடுகிற கோட்டைப் பார் என்றார். முழங்காலைத் தளர்த்தி நட என்றார். தணிகாசலம் மரத்துக்கு மரம் கயிறு கட்டினார்; ஒரு கை கயிற்றில், ஒரு கை வேலையில் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார். பிறகு தணிகாசலம் தன் யோசனையாக ஒரு வேலை செய்தார்: கப்பலில் இருந்த உபரி நங்கூரத்தைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து, விசில் ஊதி, முறைப்படி தீவின் முன்பக்கம் இறக்கி, சங்கிலியைப் பள்ளிவாசல் முன்னால் இருந்த பெரிய பாறையில் கட்டினார். தீவு அதை மதிக்கவேயில்லை.

"ஒன் வாழ்க்கையில மொத தடவயா ஒரு ஊருக்கே நங்கூரம் போட்டுருக்க" என்றார் கஸ்பார். "வீட்டுக்குக் கடுதாசி எழுது."

ஐந்தாம் நாள் காலையில் மேராவி எழுந்து நடந்தது. நடந்தது என்றால் விழுந்து நடந்தது, வாந்தி எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தது, ஆனால் நடந்தது. நடக்கத் தொடங்கிய பிறகு அது தன்னுடைய ஆட்டத்தைத் தானே பழக்கிக்கொண்டது. கஸ்பார் கணக்குப்படி, ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும்போது தீவு கிழக்கே முழுதாகச் சாய்ந்திருக்கும், அடுத்தது முடியும்போது மேற்கே. ஊர்க்காரர்கள் அவரவர் வேலையில் அவரவர் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நாவிதர் ஒவ்வொரு சாய்வின் முடிவிலும் நிலம் ஒரு கணம் யோசிக்கிற இடத்தில் மட்டும் கத்தியை இழுத்தார், ஒரு தாடிக்கு ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் யாரும் அவசரப்படவில்லை. அஞ்சலை கெட்டிலைத் தூக்கித் தேநீர் ஆற்றும்போது, கோப்பை இருக்கிற இடத்தில் ஊற்றாமல் கோப்பை வரப்போகிற இடத்தில் ஊற்றினாள். கைக்குழந்தைக்காரிகள் தொட்டில் கட்டுவதை விட்டுவிட்டார்கள். ஊரே ஆட்டுகிறபோது தனியாக எதற்கு ஆட்ட வேண்டும்? இருபது வருஷமாகப் பேசாத இரண்டு சம்பந்திகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் நலம் விசாரித்தார்கள். ஆடுகளும் கோழிகளும் மனிதர்களுக்கு முன்பே பழகிவிட்டன. சேவல்கூடக் கூவியது.

ஆனால் குடம் மட்டும் சிந்தியது.

குடத்தைத் தூக்கப்போவது அஞ்சலைதான் என்று ஊர் முடிவு செய்திருந்தது, ஊரில் அவளைவிட நிதானமான கை இல்லை. கிணற்றடி ஊரின் வடக்கு ஓரத்தில், பள்ளிவாசல் முற்றம் தெற்கு ஓரத்தில். இடையில் வெட்டவெளி, சரியாக நூறு அடி. ஐந்தாம் நாள் அவள் இருபது அடியில் சிந்தினாள், ஆறாம் நாள் காலையில் முப்பது அடியில், மாலையில் முப்பத்தைந்தில். கஸ்பார் பக்கத்திலேயே நடந்து முழங்காலைச் சொன்னார், மூச்சைச் சொன்னார், இடுப்பைச் சொன்னார். முப்பத்தைந்துக்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

"நீ சொல்லு தம்பி" என்றாள் அவள், ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்து. "கப்பல்ல நீங்க எப்பிடிக் கொண்டுபோவீங்க, நெறைகொடத்த?"

கஸ்பார் உண்மையைச் சொன்னார். "கொண்டுபோக மாட்டோம்க்கா. கப்பல்ல எந்தப் பாத்திரத்தையும் பாதிக்கு மேல ரொப்பவே மாட்டோம்."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற ஊர்த்தலைவர் பாக் ஜைலானியிடம் தீவு மொழியில் அதைச் சொன்னாள். எழுபது வயதான அந்த மெலிந்த மனிதர் கேட்டுவிட்டு, கடலில் நின்ற நம் கப்பலை ஒரு முறை பார்த்தார், கரையில் கிடந்த தங்கள் சின்னப் படகுகளை ஒரு முறை பார்த்தார், பிறகு ஏதோ சொல்லிவிட்டு மெல்லச் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன சொல்லுதாரு?"

"ஒங்க கப்பல் ரொம்பப் பெருசாம். அதனால ஒங்களுக்குச் சில விஷயம் தெரியாதாம்" என்றாள் அஞ்சலை. அவளும் எழுந்து அவர் பின்னால் போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் வாஹித், கெட்டவர் இல்லை, தன் கையிலிருந்த படிவத்தை மட்டும் நம்புகிறவர். படகிலிருந்து இறங்கியதும் தடுமாறினார், ஊர்க்காரர்கள் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துவிட்டு, சுக்கு ஒரு துண்டு கொடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கப்பலில் ஆட்களை ஏற்றுவதற்கான ஏணி இறக்கித் தயாராக வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

குடம் நிரப்பப்பட்டது. விளிம்புக்கு மேல் தண்ணீர் மெல்லிய தோல்போல் எழுந்து நிற்கிற வரை நிரப்பினார் வாஹித், தன் கையாலேயே. அஞ்சலை அதை இரண்டு கையாலும் ஏந்தினாள், மூச்சை விட்டாள், முதல் அடி வைத்தாள்.

தீவு கிழக்கே சாயத் தொடங்கியது. பாக் ஜைலானி "ஹோ" என்று தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் கொடுத்தார்.

கிழக்கு ஓரத்தில் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல நின்றிருந்த ஊர் முழுவதும் சட்டென்று கிளம்பி மேற்கு ஓரத்துக்கு ஓடியது. ஆண்கள் ஓடினார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் ஓடினார்கள், கால் முறிந்த இரண்டு பேரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் ஓடினார்கள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு சிறுவர்கள் ஓடினார்கள். கிழக்கே சாய இருந்த தீவு பாதியில் தயங்கி, நிமிர்ந்து, நின்றது. குடத்தில் தண்ணீர் அசையவில்லை. பிறகு மேற்கே சாயப் பார்த்தது. "ஹோ" என்றார் பாக் ஜைலானி. ஊர் மொத்தமும் அஞ்சலைக்கு முன்னும் பின்னுமாக வழிவிட்டுப் பிரிந்து கிழக்கே ஓடியது. சின்னப் படகில் போகிறவர்களுக்கு இது பிறவியிலேயே தெரியும்: படகு ஒரு பக்கம் சாய்ந்தால் ஆள் மறுபக்கம் உட்கார வேண்டும். பெரிய கப்பலில் இருப்பவர்கள் இதை மறந்து தலைமுறைகள் ஆகின்றன.

கஸ்பார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முப்பத்தைந்து அடி தாண்டியது. ஐம்பது தாண்டியது. அறுபதில் தீவுக்கு ஏதோ பிடிவாதம் வந்தது போலிருந்தது. முன்னெப்போதும் இல்லாத அளவு நீளமாக, கனமாக, கிழக்கே சாய ஆரம்பித்தது. ஊர் மேற்கே போய்ச் சேர்ந்துவிட்டது, சாய்வு நிற்கவில்லை. குடத்தின் விளிம்பில் தண்ணீர் ஒரு பக்கமாகக் குவிந்தது.

"ஏல தணிகாசலம்!" என்று கத்தினார் கஸ்பார். "நிக்கியே, நங்கூரம் மாதிரி! பிடில அண்டாவ!"

கஞ்சி நிறைந்த அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மேற்கே ஓடினார்கள். "இன்னா கனம்யா இது, எத்தினி பேருக்கு ஆக்கின?" என்று தணிகாசலம் மூச்சு வாங்கக் கேட்டார். "முந்நூத்துப் பன்னெண்டு! பேசாம ஓடுல!" பின்னால் மற்ற மாலுமிகள் அரிசி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைச் சீருடையில் இருந்த கமாண்டர் ஒரு கணம் நின்று பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் ஓடினார். தீவு தயங்கியது. நிமிர்ந்தது. "ஹோ!" எல்லோரும் கிழக்கே. "ஹோ!" எல்லோரும் மேற்கே. ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது, ஓடுகிற ஓட்டத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை, கட்டிலில் இருந்த கால் முறிந்தவர்கள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்கள். நடுவில் அஞ்சலை ஒருத்தி மட்டும் சிரிக்காமல், கடலும் வானமும் தொடுகிற இடத்தைப் பார்த்தபடி, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நடந்தாள்.

கடைசி இரண்டு அடியில் தீவு மறுபடி கிழக்கே சாய்ந்தது. ஊர் களைத்திருந்தது, கஸ்பாரும் தணிகாசலமும் கடைசியாக மேற்கு ஓரத்தைத் தொட்டுவிட்டார்கள், இருந்தும் இம்மி அளவு குறைந்தது. தண்ணீரின் தோல் விளிம்பில் வளைந்து, இதோ உடையப்போகிறது என்று நின்றது.

அப்போது வாஹித் இரண்டு எட்டு எடுத்து வைத்தார். படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைக் குடத்திலிருந்து எடுக்காமல், தான் நகர்வது தனக்கே தெரியாமல், மேற்குப் பக்கமாக இரண்டு எட்டு.

தண்ணீர் நிமிர்ந்தது. அஞ்சலை பள்ளிவாசல் முற்றத்தில் குடத்தை இறக்கி வைத்தாள். மணல் காய்ந்து கிடந்தது.

வெகுநேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வாஹித் குடத்தைச் சுற்றி வந்து பார்த்தார், நடந்த வழி முழுவதும் குனிந்து பார்த்தார், பிறகு பாக் ஜைலானியிடம் கேட்டார். அஞ்சலை கஸ்பாருக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"காலம் பூரா இப்படியே ஓடிக்கிட்டு இருக்கப் போறீங்களான்னு கேக்குறாரு."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"எதுக்கு ஓடணும், யாராவது நெறைகொடம் தூக்குற நேரத்துக்கு மட்டும் ஓடுனாப் போதும்ங்குறாரு."

அஞ்சலை தொடர்ந்தாள்: "கப்பக்காரங்க போயிட்டா கனம் கொறயுமேன்னு அதிகாரி கேக்குறாரு. அதுக்கு இவரு, கல்லு கெடக்கு, தேங்கா மூட்ட கெடக்கு, அதோட நீங்களும் ரெண்டு எட்டு வச்சீங்களே, அப்பப்ப வந்துட்டுப் போங்கன்னுட்டாரு."

வாஹித் காது சிவந்தது. தான் நின்ற இடத்தையும் முதலில் நின்றிருந்த இடத்தையும் பார்த்தார். இடையில் தன் செருப்புத் தடம் இரண்டு பதிந்திருப்பதைக் கண்டார். படிவத்தை முழங்காலில் வைத்து, தீவு ஒரு கணம் யோசிக்கிற இடத்துக்காக நாவிதரைப் போலக் காத்திருந்து, 'நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பலில் இறக்கி வைத்திருந்த ஏணியை மேலே இழுத்தார்கள். அந்த அண்டாக் கஞ்சியை அன்று மதியம் ஊரும் கப்பலும் ஒன்றாக உட்கார்ந்து குடித்துத் தீர்த்தன. வாஹித் மூன்று முறை வாங்கிக் குடித்தார், ஒரு முறை வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு நான்காம் முறை வாங்கினார்.

மறுநாள் சாயங்காலம் கப்பல் புறப்பட்டது. கடைசிப் படகில் கஸ்பார் ஏறினார். அஞ்சலை ஒரு டப்பா நிறையத் தேயிலையை அவர் மடியில் வைத்தாள்.

"ஒரு நாளு தூத்துக்குடிக்கு வாங்கக்கா" என்றார் கஸ்பார்.

"ஆடாத ஊருக்கு வந்து நா என்ன செய்ய? எனக்குத் தல சுத்தும்" என்றாள் அஞ்சலை.

கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. மேராவிக்காரர்கள் கிழக்குக் கரைக்கு வழியனுப்ப வந்தார்கள்; முதலில் பத்துப் பேர், பிறகு ஐம்பது, பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும், ஆடுகளும், கட்டிலில் இருந்த இருவரும். எல்லோரும் ஒரே பக்கம் வந்து நின்று கையசைத்ததில் தீவு மெல்லக் கப்பலின் பக்கமாகச் சாய்ந்தது. தென்னைகள் எல்லாம் குனிந்தன. கரை தாழ்ந்து தண்ணீர் முதல் வரிசைக்காரர்களின் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலைத் தொட்டது. பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்கள் என்று பாக் ஜைலானி கத்துவது கப்பல் வரை கேட்டது.

யாரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவரும் வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, கையசைத்தார்.